பள்ளிப் பிள்ளைகளின் மெழுகுவர்த்தி ஆராதனை: ஒரு மதிப்பீடு

கிறிஸ்து பிறப்பு விழா நெருங்கும்போது, நாகர்கோவில் தொடங்கி மார்த்தாண்டம் வரை நம் மாவட்டத்துச் சபைப் பள்ளிகள் பலவற்றில் மெழுகுவர்த்தி ஆராதனை நடைபெறுவது வழக்கமாகிவிட்டது. அரையாண்டுத் தேர்வு முடிந்து விடுமுறை தொடங்குமுன் ஒரு மாலை இதற்கென ஒதுக்கப்படுகிறது. ஆயர்களாகிய நாம் அதனை நடத்தித் தரும்படி அழைக்கப்படுகிறோம். பாடல்களின் பட்டியலும் சிறப்பு விருந்தினரின் பெயரும் முன்னரே முடிவு செய்யப்பட்டிருக்கும். ஒழுங்கைக் குறித்து நாமும் அதிகம் கேட்பதில்லை. ஞாயிறு ஆராதனையின் ஒவ்வொரு பகுதியையும் எடைபோட இறையியல் கல்லூரியில் கற்ற நாம், நூற்றுக்கணக்கான பிள்ளைகள் பங்குபெறும் இவ்வாராதனையை மட்டும் ‘நிகழ்ச்சி’ என்று விட்டுவிடுகிறோம். அதனை ஆராதனை என்றே கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். பிறர்மேல் குறை கூறுவது நம் கருத்தன்று. குறை கூறின் முதலில் கூறவேண்டியது நம்மையே என்பது பின்னர் விளங்கும்.

வந்த வழி

இவ்வழக்கம் நம் முன்னோர் அறிந்ததன்று. 1806-இல் ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தார். 1809-இல் அங்கே ஆலயம் எழுந்தது. 1818-இல் மீட் ஐயர் நாகர்கோவிலில் பணி தொடங்கினார். இவர்களை அனுப்பிய இலண்டன் மிஷன் சங்கத்தில் மேலோங்கி நின்ற சுயாதீன சபை மரபு, ஆராதனைச் சடங்காக மெழுகுவர்த்தி ஏற்றுவதை ஐயத்துடனே நோக்கியது. அம்மரபில் விளக்கு இருந்தது எழுத்து வாசிப்பதற்காகவே. 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு மரபுகளோடு உறவு நெருங்கிற்று. வேறு மரபுகளின் வழிபாட்டு வழக்கங்கள் நமக்கு அந்நியமாயிருந்த நிலையும் மாறிற்று.

பிள்ளைகளையும் மெழுகுவர்த்தியையும் இணைத்த ஆராதனைகளுள் மூன்றனை நாம் நினைவுகூர வேண்டும். முதலாவது, 1747-இல் ஜெர்மனியின் மரியன்பார்ன் என்னுமிடத்தில் மொரேவிய சபையாரின் பேராயர் யோகன்னஸ் வாட்டெவில் பிள்ளைகளுக்காக நடத்தியது. பிள்ளைகள் தாமே இயற்றிய பாடல்வரிகளை அவர் சபையில் வாசித்தார். இரட்சகரின் பிறப்பு அவர்கள் இருதயத்தில் ஏற்றிய சுடரைப் பற்றி எளிதாகச் சொன்னார். பின்னர் ஒவ்வொரு பிள்ளைக்கும் சிவப்பு நாடா கட்டிய, எரியும் சிறு மெழுகுவர்த்தி தரப்பட்டது. பிள்ளைகள் அதனை ஏந்தியவாறே மகிழ்ச்சியுடன் தங்கள் அறைகளுக்குச் சென்றனர். இம்மொரேவிய சபையார் நமக்கு அந்நியரல்லர்; 1760-இலேயே தரங்கம்பாடிக்கு வந்தவர்கள் அவர்கள்.

இரண்டாவது, 1839-இல் ஆம்பர்க் நகரில் யோகான் இன்ரிக் விகர்ன், தம் இல்லத்தில் வளர்ந்த ஏழைப் பிள்ளைகளுக்காக ஒரு சக்கரத்தின்மேல் வைத்த மெழுகுவர்த்திகள். பண்டிகைக்கு இன்னும் எத்தனை நாள் என்று அப்பிள்ளைகள் எண்ணத்தக்கதாக நாளொன்றுக்கு ஒன்றாக அவை ஏற்றப்பட்டன. மூன்றாவது, 1968-இல் இங்கிலாந்தின் லிங்கன் பேராலயத்தில் ஜான் பென்சம் என்பவர் மொரேவிய வழக்கத்தைத் தழுவி நடத்திய ‘கிறிஸ்டிங்கிள்’ ஆராதனை. ஆரஞ்சுப் பழத்தில் மெழுகுவர்த்தியைச் செருகிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தனர். பிள்ளைகள் கொண்டுவந்த காணிக்கை, ஆதரவற்ற பிள்ளைகளுக்கான பணிக்குச் சென்றது.

இம்மூன்றிலும் பொதுவான ஒன்றுண்டு. ஒளி பிள்ளைகளுக்குக் கொடுக்கப்பட்டது. பிள்ளைகள் ஒளிக்கு அலங்காரமாக நிறுத்தப்படவில்லை. நம் ஆராதனையை இவ்வளவுகோலால் அளந்து பார்ப்போம்.

யார் முதலில் ஏற்றுவது?

நம் பள்ளிகளில் முதல் மெழுகுவர்த்தியைச் சிறப்பு விருந்தினர் ஏற்றுகிறார். அடுத்துத் தாளாளர், தலைமையாசிரியர், ஆயர். பிள்ளைகள் கடைசியில் வருகின்றனர். அதற்குள் பாதி நேரம் கழிந்துவிடும். 1880-இல் இங்கிலாந்தின் துரூரோவில் பேராயர் பென்சன் ஒன்பது வாசகப் பாடல் ஆராதனையை அமைத்தபோது, வாசகங்கள் பாடகற்குழுச் சிறுவனிடத்தில் தொடங்கிப் படிப்படியாக ஏறிப் பேராயரிடத்தில் முடியுமாறு செய்தார். 1918 முதல் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் நடைபெற்றுவரும் ஆராதனை அவ்வொழுங்கைப் பின்பற்றியதே. பெத்லகேமின் செய்தி முன்னணைப் பிள்ளையில் தொடங்குகிறது. நம் மேடையோ பெரியோரில் தொடங்கிப் பெரியோரிலேயே முடிகிறது. இது மரியாதை பற்றிய கேள்வி மட்டுமன்று. மனுவுருவேற்றத்தைப் பற்றிய நம் போதனையை நம் ஒழுங்கே மறுத்துப் பேசுகிறது.

எந்த இருள்?

மின்விளக்குகளை அணைத்து மண்டபத்தை இருட்டாக்குவது ஆராதனையின் உச்சம் எனக் கருதப்படுகிறது. பிள்ளைகள் கூச்சலிடுகின்றனர், ஆசிரியர் அதட்டுகின்றனர், கைப்பேசிகள் உயர்கின்றன. ஆனால் ஏசாயா 9-ஆம் அதிகாரமும் யோவான் 1-ஆம் அதிகாரமும் கூறும் இருள் மின்விசையால் வருவதன்று. நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு மெய்யான இருள் தெரியும். 2004 டிசம்பர் 26 அன்று, பண்டிகைக்கு மறுநாள் காலையில், குளச்சலிலும் கீழமணக்குடியிலும் கடல் புகுந்ததைப் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கின்றனர். 2017 நவம்பர் 30 அன்று வீசிய ஒக்கிப் புயலில் கடலுக்குச் சென்ற தந்தையர் பலர் திரும்பவில்லை. மின்கம்பங்கள் சாய்ந்து ஊர்கள் பல நாள்கள் இருளில் கிடந்தன. அந்நாள்களில் மெழுகுவர்த்தி யாருக்கும் அழகுப் பொருளாயிருக்கவில்லை. அவ்வாண்டுப் பண்டிகையின்போதும் காத்திருந்த வீடுகள் கடற்கரை முழுவதும் இருந்தன.

ஆகவே இருளை மேடையுத்தியாக்குவது தகாது. ஒரு நிமிட அமைதியில், துக்கமுள்ள வீடுகளுக்காகப் பிள்ளைகளே தங்கள் சொற்களால் வேண்டுதல் செய்தபின் சுடர் ஏற்றப்படுமாயின், ஒளியைப் பற்றிய வசனம் கேட்கப்படும்.

மெழுகுவர்த்தியும் அகலும்

வேதாகம உலகம் அறிந்தது எண்ணெய் விளக்கையே. யாத்திராகமம் 27-இல் ஒலிவ எண்ணெயும், மத்தேயு 25-இல் கன்னிகைகளின் எண்ணெய்ப் பாத்திரமும் கூறப்படுகின்றன. பழைய ஆங்கில மொழிபெயர்ப்பு மத்தேயு 5:15-இல் மெழுகுவர்த்தி என்று கூறினாலும், நம் தமிழ் வேதாகமம் விளக்கு என்றே கூறுகிறது. அண்டையிலுள்ள கேரளத்தின் சிரியன் சபைகளில் சிலுவை பொறித்த நிலவிளக்கு ஏற்றப்படுகிறது. எனவே தேங்காயெண்ணெய் அகல் நம் பிள்ளைகளின் கையில் இருப்பது வேதத்திற்கு மாறானதன்று. கார்த்திகை விளக்கோடு குழப்பம் நேரும் என்று சிலர் அஞ்சுவர். அவ்வச்சத்தை விளக்கை மாற்றுவதால் அன்று, வாசகத்தாலும் விளக்கத்தாலுமே நீக்கவேண்டும். எதனை ஏந்தினாலும் அது பரிசுத்தப் பொருளன்று, அடையாளம் என்பதைப் பிள்ளைகளுக்குக் கூறுதல் போதும்.

எல்லாப் பிள்ளைகளும்

நம் பள்ளிகளில் இந்துப் பிள்ளைகளும் இஸ்லாமியப் பிள்ளைகளும் பயில்கின்றனர். அரசின் அங்கீகாரமோ நிதியுதவியோ பெற்ற பள்ளியில், பெற்றோரின் அல்லது பாதுகாவலரின் இசைவின்றி எந்தச் சிறுவரையும் சமய வழிபாட்டில் பங்குபெறச் செய்யலாகாது என்பது இந்திய அரசியலமைப்பின் 28(3)-ஆம் பிரிவின் கருத்து. 1982-இல் மண்டைக்காட்டில் தொடங்கிய கலவரத்தின் வடு நம் மாவட்டத்தில் எளிதில் மறைவதன்று. ஆயினும் சட்டத்திற்கும் கலவரத்திற்கும் அஞ்சியே நாம் இதனைக் கூறவில்லை. எம்மனிதனையும் பிரகாசிப்பிக்கும் ஒளியைக் கட்டாயத்தால் கொடுக்க இயலாது. பெற்றோருக்கு முன்கூட்டியே தெரிவித்து இசைவு பெறுதலும், வராத பிள்ளை வருகைப்பதிவிலோ ஆசிரியரின் முகத்திலோ தண்டனை காணாதிருத்தலும் ஆராதனையின் பகுதியே ஆகும்.

நம் குற்றம்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளியில் நாம் இவ்வாராதனையை நடத்தினோம். பிள்ளைகள் எரியும் மெழுகுவர்த்தியுடன் நிற்க, யோவான் முதலாம் அதிகாரத்திலிருந்து இருபது நிமிடத்திற்கு மேல் பேசினோம். ஒளி என்பதற்கான கிரேக்கச் சொல்லையும் விளக்கினோம். முன்வரிசையில் நின்ற சிறுமி ஒருத்தியின் விரல்களில் மெழுகு வழிந்துகொண்டிருந்தது. அசையக்கூடாது என்று சொல்லப்பட்டிருந்தபடியால் அவள் அசையவில்லை. நாம் அதைப் பார்த்தும் பேச்சை நிறுத்தவில்லை. ஆராதனை முடிந்து மின்விளக்குகள் எரிந்ததும், அனைவரும் ஊதி அணைக்கும்படி நாமே கட்டளையிட்டோம். எஞ்சிய துண்டுகளைச் சேர்க்க ஒரு வாளி வந்தது. அச்சிறுமி தன் துண்டை வாளியில் போடாமல் நம்மிடம் வந்து, “ஐயரே, இத வீட்டுக்குக் கொண்டு போகட்டா? அம்மைக்குக் காட்டணும்” என்றாள். அடுத்த ஆண்டிற்கு வேண்டும் என்று பள்ளியார் கூறியிருந்தனர். “வேண்டாம் மக்களே, வாளியில போடு” என்றோம். அவளும் போட்டுவிட்டுப் போனாள்.

அன்று வாசிக்கப்பட்ட பகுதிகளுள் மத்தேயு 5:14-16-உம் ஒன்று. விளக்கின் இடம் வீடு என்றும், அங்குள்ள யாவருக்கும் அது வெளிச்சம் தரவேண்டும் என்றும் அப்பகுதி கூறுகிறது. அதனைக் கேட்டுப் புரிந்துகொண்டவள் அச்சிறுமியே. 1747-இல் மொரேவியப் பிள்ளைகளுக்குக் கிடைத்ததைத்தான் அவளும் கேட்டாள். நாமோ பிரசங்கித்துவிட்டு மறுத்தோம். வழிந்த மெழுகைக் காட்டிலும் அம்மறுப்பே நம்மை இன்னும் சுடுகிறது.

ஓர் ஒழுங்கு

இவற்றால் நாம் கற்றுக்கொண்டதைச் சுருக்கமாகக் கூறுவோம். வாசகங்களை இளைய பிள்ளை தொடங்கட்டும். பிள்ளைகள் எழுதிய ஜெபங்களே வாசிக்கப்படட்டும். அருளுரை ஏழு நிமிடத்திற்கு மிகாமல், சுடர் ஏற்றுமுன், பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும்போதே முடியட்டும். வேதாகமத்தின் அருகில் எரியும் சுடரிலிருந்து ஒரு பிள்ளை எடுத்து அடுத்த பிள்ளைக்குக் கொடுக்கட்டும். எரியும் மெழுகுவர்த்தி நிமிர்ந்தே இருக்க, எரியாததே சாய்ந்து ஒளியைப் பெறவேண்டும். மெழுகு வழியாதிருக்க இதுவே வழி. பெறுகிறவன் தாழவேண்டும் என்னும் பாடமும் இதில் உண்டு.

பாதுகாப்பைச் சிறிய காரியமென்று எண்ணலாகாது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் பற்றிய தீயில் 94 பிள்ளைகள் மாண்டதைத் தமிழ்நாட்டின் எந்த ஆசிரியரும் மறக்கலாகாது. கீற்றுப் பந்தலும் காகிதத் தோரணமும் உள்ள இடத்தில் சுடர் வேண்டாம். கதவுகள் திறந்திருக்கட்டும், மணலும் தண்ணீரும் அருகிலிருக்கட்டும், ஒவ்வொரு மெழுகுவர்த்திக்கும் அட்டைத் தட்டு இருக்கட்டும். மிகச்சிறு பிள்ளைகளுக்கு ஆசிரியரே ஏந்தி நிற்கட்டும். விரல் சுடுகிறது என்று ஒரு பிள்ளை சொன்னால் ஆராதனை நிற்கட்டும். அதனால் ஆராதனை கெடாது.

இறுதியில், சுடரை அணைத்தபின் அத்துண்டைப் பிள்ளை தன் வீட்டிற்குக் கொண்டுபோகட்டும். வீட்டில் பெரியவர் ஒருவர் அதனை ஏற்ற, பிள்ளை தான் கேட்டதைச் சொல்லட்டும். இயலுமாயின் அவ்வாண்டில் துக்கம் கண்ட அண்டை வீட்டிற்கும் அது செல்லட்டும். ஆயர் அவ்வீடுகளைப் பின்னர்ச் சந்திப்பாராயின், அவர் ஆராதனையின் எஞ்சிய பகுதியை நிறைவேற்றியவராவார்.

அடுத்த ஆண்டிற்கென்று வாளியில் சேர்த்துவைக்கும் மெழுகின் விலை மிகச் சிறிது. வரும் டிசம்பரில் இவ்வாராதனைக்கு அழைக்கப்படும் உடன் ஊழியரும் இறையியல் மாணவரும், ஒழுங்கைக் கையில் வாங்கியவுடன் பள்ளியாரிடம் முதலாவதாக ஒன்றைக் கேட்கும்படி வேண்டுகிறோம்: பிள்ளைகள் இதனை வீட்டிற்குக் கொண்டுபோகலாமா?