சுமந்த சிலுவையும் சுமத்திய சிலுவையும்: தமிழ்க் கிறித்தவ எழுத்தில் துன்பம்

தமிழ்க் கிறித்தவ இலக்கியம் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் காப்பியக் கட்டமைப்பு, யாப்பு, கம்பரின் தாக்கம் என்னும் எல்லைகளுக்குள் நின்றுவிடுகின்றன. அவ்விலக்கியத்தின் உயிர்நாடியாகிய துன்பம் என்னும் கருத்து, பத்தியுணர்வின் ஒரு கூறாக மட்டும் சுட்டப்பட்டு விடப்படுகிறது. கிறித்தவ வாழ்வில் துன்பத்துக்குப் பொருள் உண்டு என்பதில் இவ்வெழுத்தாளர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. அப்பொருளை எடுத்துரைக்கும் உரிமை துன்புறுவோருக்கா, அவரைப் பார்த்திருப்போருக்கா என்பதே வினா. எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகத்தையும் (1894) பாமாவின் கருக்கையும் (1992) இவ்வினாவைக் கொண்டு அணுகினால், எதிரெதிராக வைத்துப் பேசப்படும் மரபுகளைச் சேர்ந்த இரு நூல்களும் எதிர்பாராத நெருக்கம் கொள்கின்றன.

ஜான் பனியனின் பயணக்கதை (1678) அனுமதியின்றிப் போதித்ததற்காகப் பன்னிரண்டு ஆண்டுகள் சிறையிருந்தவர் எழுதியது. அதைத் தமிழ்க் காப்பியமாக்கிய கிருஷ்ணபிள்ளை, நெல்லைச் சீமையின் வைணவக் குடும்பத்தில் 1827இல் பிறந்து 1858இல் திருமுழுக்குப் பெற்றவர். இருவரும் தாம் தேர்ந்த நெறிக்காக இழப்பை ஏற்றவர்கள். இப்பின்புலம் காப்பியத்தில் தெளிவாகத் தெரிகிறது. உடன்செல்லும் நிதானி மாயாபுரியில் கொல்லப்படுகிறான். தன் நம்பிக்கையை மறுத்திருந்தால் அவன் தப்பியிருக்கக்கூடும். தப்பும் வழி இருந்தும் அதைக் கொள்ளாமையே அவன் சாவைச் சான்றாக்குகிறது. பனியனிடம் இல்லாத கிறிஸ்துவின் பாடுகளைக் கிருஷ்ணபிள்ளை குமார பருவத்தில் இரட்சணிய சரித படலமாக விரித்துப் பாடியதன் நோக்கமும் இதுவே எனலாம். நூலின் மிகச் சிறந்த பகுதியும் அதுவே. வழிப்போக்கனின் துன்பத்துக்கு அளவுகோல், தானே விரும்பித் தன்னை ஒப்புக்கொடுத்தவரின் துன்பம்.

விரும்பி ஏற்காத துன்பத்தைப் பற்றிக் காப்பியம் பேசுவதில்லை. விவிலியம் பேசுகிறது. யோபுவின் நண்பர்கள் அவன் துன்பத்துக்கு அவன் பாவமே காரணம் என்று நெடிது வாதிடுகின்றனர்; நூலின் முடிவில் இறைவனின் சினம் முறையிட்ட யோபுவின்மீது மூளவில்லை, விளக்கம் சொன்ன நண்பர்கள்மீதே மூள்கிறது. பிலிப்பி நகரில் விசாரணையின்றி அடிக்கப்பட்டுச் சிறையிடப்பட்ட பவுல், மறுநாள் விடுவிக்கப்பட்டபோது ஓசையின்றிச் செல்ல மறுத்து, அதிகாரிகளே நேரில் வந்து அழைத்துப்போக வேண்டும் என்று உரிமை கோருகிறார். பேதுருவின் முதல் நிருபம் அடிமைகளிடம் பொறுமையை வேண்டுவதை மறைத்துவிட்டு வாதிடுதல் நேர்மையன்று. எனினும் அந்நிருபமும் அவர்கள் படும் பாட்டை அநியாயம் என்றே பெயரிடுகிறது. மறையுரைகள் பொறுமையை எடுத்துக்கொண்டு அப்பெயரை விட்டுவிட்டன.

விடுபட்ட அப்பெயரையே கருக்கு மீண்டும் எழுதுகிறது. பனங்கருக்கின் இருபுறக் கூர்மையை நூலாசிரியர் எபிரெயர் நிருபத்தின் இருபுறமும் கருக்கான பட்டயத்தோடு இணைப்பது நோக்கத்தக்கது. தொடக்கத்திலேயே விவிலியம் துணைக்கு அழைக்கப்பட்டுவிடுகிறது. பெரியவர் ஒருவர் தின்பண்டப் பொட்டலத்தை நூலைப் பிடித்துத் தூக்கிச் சென்று நிலவுடைமையாளரிடம் கொடுக்கும் காட்சியைக் குழந்தை வேடிக்கையாகப் பார்க்கிறது. அண்ணன் விளக்கிய பின்னரே அதில் இழிவு தெரிகிறது. சாதிக் கலவரத்தின்போது காவலருக்கு அஞ்சி ஒளிந்திருந்த தந்தை, இறந்த மகனின் அடக்கத்துக்குச் சேலை உடுத்து வரநேர்கிறது. இத்துன்பங்களை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. மறுதலித்துத் தப்பவும் வழியில்லை. பிறப்போடு வந்த ஒன்றைச் சிலுவை என்று பெயரிட்டுத் தோளில் ஏற்றும்போது, ஏற்றுபவரின் கை மறைந்துபோகிறது. துறவு மடத்தில் ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்தோர் வசதியாக வாழ்ந்துகொண்டே ஏழைகளுக்குத் தாழ்மையையும் கீழ்ப்படிதலையும் போதித்ததைப் பாமா கடுமையாகச் சாடுவது இதனாலேயே. அன்பான கடவுளைக் கற்பித்தவர்கள் நீதி கேட்கும் கடவுளைக் கற்பிக்கவில்லை என்பது அவர் முறையீடு.

இதனைத் திருச்சபை எதிர்ப்பு நூல் என்று மட்டும் வகைப்படுத்துவது மேலோட்டமான வாசிப்பு. பாதுகாப்பும் உணவும் உறையுளும் தந்த மடத்தை விட்டு, வேலையும் வருமானமும் உறுதியில்லாத வெளிக்கு அவர் நடக்கிறார். அழிவின் நகரை விட்டு ஓடும் காப்பிய வழிப்போக்கன் செய்ததும் இதுவே. இங்கே விடப்படும் நகர் மடமாக இருப்பதுதான் வேறுபாடு. மடத்திலிருந்து வெளியேறிய பின் நேர்ந்த இன்னல் அவர் தேர்ந்தது. அதனைப் பொருளற்றது என்று நூல் எங்கும் சொல்லவில்லை. சுமத்தப்பட்டதை மறுத்தல், தேர்ந்ததைச் சுமத்தல் என்னும் இரண்டும் ஒரே நூலில் நிகழ்கின்றன. நூலின் முடிவு தடுமாற்றத்துடன் நிற்பதாகச் சிலர் குறை காணலாம். காப்பியம் போல் மோட்ச வாயிலில் முடிந்திருந்தால் அது பொய்யாகியிருக்கும்.

வரலாறும் இவ்வேறுபாட்டுக்குச் சான்றளிக்கிறது. 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று, 1752இல் ஆரல்வாய்மொழியில் சுட்டுக் கொல்லப்பட்ட தேவசகாயம் 2022இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். நம்பிக்கையைக் கைவிடாமல் அவர் ஏற்ற துன்பம் நாட்டார் நாடகங்களில் பாடப்பட்டது. அதே வடக்கன்குளத்தில் பிற்காலத்தில் சாதிக்கொரு பகுதியாகக் கோயில் பிரிக்கப்பட்டிருந்தது. இடைச்சுவர் 1910இல் இடிக்கப்பட்டது, அதன்பின் வழக்கும் நடந்தது. மறைசாட்சியைக் கொண்டாடிய கூட்டமே பக்கத்தில் நின்றவரின் துன்பத்துக்குச் சுவர் எழுப்பிக் கொடுத்தது.

துன்பத்துக்கு விளக்கம் தேடாமல் அதனருகில் நின்ற எழுத்தும் உண்டு. ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி 1969இல் வெளியிட்ட நாவலை இரா. முருகவேள் எரியும் பனிக்காடு (2007) எனத் தமிழாக்கினார். கயத்தாற்றுப் பக்கத்திலிருந்து மலையேறிய கூலிகளின் கதை அது. அதே ஆனைமலைத் தொடரின் கேரளப் பக்கத்தில் காந்தலூர், மறையூர் முதலிய தமிழ் ஊர்கள் உள்ளன. அவற்றை அடுத்த மூணாற்றுத் தோட்டங்களிலும் தமிழ்த் தொழிலாளரே மிகுதி. அங்குள்ள பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவு நிலச்சரிவில் எழுபது பேர் மாண்டனர். அவர்களுள் பலரின் பூர்விகமும் கயத்தாற்றுப் பகுதியே. நாவலில் வரும் மருத்துவர் ஆபிரகாம் நோய்க்கு மருந்து கொடுக்கிறார்; நோய் ஏன் வருகிறது என்று தோட்ட நிர்வாகத்தைக் கேட்கிறார்; மீட்புரை நிகழ்த்துவதில்லை. பரதேசி (2013) திரைப்படம் இம்மருத்துவரை மதம் மாற்றும் போதகராக ஆக்கிவிட்டது. துன்பத்தின் அருகில் நிற்கும் கிறித்தவர் ஏதேனும் போதித்தே தீருவார் என்னும் முன்முடிவு அத்திரைக்கதைக்கு இருந்தது, நாவலுக்கு இல்லை.