இரண்டு ஸ்வீடன் டர்போக்கள்

1985-இல் ஐரோப்பிய டூரிங் கார் சாம்பியன் பட்டத்தை வென்றது வால்வோ 240 டர்போ. பெட்டி போன்ற உடல், பின்சக்கர இயக்கம், 2.1 லிட்டர் எஞ்சின். ‘பறக்கும் செங்கல்’ என்ற பட்டப்பெயர் அதற்கு அத்தனை பொருத்தம்! பழுது பார்ப்பதும் எளிது.

ஆனாலும் என் மனம் சாப் 900 டர்போவிடம்தான். எஞ்சினைச் சாய்த்து, முன்பின்னாகத் திருப்பி, கியர்பாக்ஸை அதன் அடியில் வைத்தார்கள். சாவித்துளையோ முன் இருக்கைகளுக்கு நடுவே. பெட்ரோலின் தரம் குறைந்து எஞ்சினில் தட்டல் கேட்டால் டர்போ அழுத்தத்தைத் தானே தணித்துக்கொள்ளும் ஏபிசி அமைப்பு 1980களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது, எவ்வளவு முன்யோசனை! சேகரிப்பவர்கள் அதன் 16 வால்வு வகையைத் தேடுங்கள். வாங்குமுன் கியர்பாக்ஸைக் கட்டாயம் சோதியுங்கள். அந்தக் காரின் பலவீனம் அங்கேதான்.