நிறம் கடந்த காதலும் சிறுகதையும்

இனம் வேறு, நிறம் வேறு ஆகிய இருவர் கொள்ளும் காதலைப் பொருளாகக் கொண்ட சிறுகதைகள் ஆங்கிலத்தில் இன்று மலிந்து கிடக்கின்றன. அவற்றுட் பெரும்பகுதி சூடாக விற்கும் சரக்கு என்பதை மறைப்பானேன்? நம் சங்கத்து இல்லங்களில் வளரும் பிள்ளைகள் தமிழைக் காட்டிலும் ஆங்கிலத்தை விரைந்து படிக்கிறார்கள். உடன் படித்த வங்காளியையோ பஞ்சாபியையோ மணக்க விரும்புவதாகப் பெற்றோரிடம் சொல்லவும் சொல்கிறார்கள். ஆதலால் இக்கதைகளை 'ஆபாசம்' என்னும் ஒரே சொல்லால் ஒதுக்கிவிட்டு நாம் நிம்மதியாக இருந்துவிட இயலாது. எது நல்ல கதை, எது போலி என்று பிரித்துக் காட்டும் கடமை நமக்கு உண்டு.

போலிக் கதையை இனங்காண்பது எளிது. அதன் ஆசிரியரால் நாயகியின் மேனியைக் காப்பிக்கோ, தேனுக்கோ, சாக்லேட்டுக்கோ உவமிக்காமல் ஒரு பக்கமும் எழுத முடிவதில்லை. தின்பண்டத்துக்கு உவமிக்கப்பட்ட பெண்ணுக்குக் கதையில் வேறு என்ன வேலை இருக்க முடியும்? அவளுடைய ஊர் எது, மொழி எது, தாயிடம் அவள் என்ன பொய் சொல்லிவிட்டு வந்தாள் என்பவை பற்றி ஆசிரியருக்குக் கவலையில்லை. நிறம் அங்கே மசாலா. படுக்கையறைக் காட்சி இருப்பதை நாம் குறையாகச் சொல்லவில்லை. அந்த அறைக்குள் இரண்டு மனிதர்கள் இல்லாமற் போவதையே குறை என்கிறோம்.

பழைய ஆசிரியர்களும் இதில் தப்பவில்லை. ருட்யார்ட் கிப்ளிங் 1890-இல் எழுதிய 'வித்தவுட் பெனிஃபிட் ஆஃப் கிளர்ஜி' என்னும் கதையில் ஹோல்டன் என்ற ஆங்கில அதிகாரி, அமீரா என்ற முஸ்லிம் பெண்ணை அவள் தாயிடம் பணம் கொடுத்துப் பெற்று, நகரத்தில் தனி வீட்டில் வைத்துக் குடும்பம் நடத்துகிறான். கிப்ளிங்கின் பேரரசுப் பற்றை அறிந்தவர்கள் வியக்கும் அளவுக்குக் கனிவோடு எழுதப்பட்ட கதை அது. ஆயினும் முடிவைப் பாருங்கள். குழந்தை காய்ச்சலில் இறக்கிறது. அமீரா காலராவில் இறக்கிறாள். வீட்டையும் இடித்துவிடப் போகிறார்கள். காதலுக்கு ஒரு செங்கல்லும் சாட்சியாக நிற்பதில்லை. ஹோல்டன் தன் மனிதர்களிடம் திரும்பிச் செல்ல வழி ஒழுங்காகத் திறந்திருக்கிறது. ஆசிரியர் அழுதுகொண்டே அந்தப் பெண்ணை அப்புறப்படுத்திவிட்டார் என்றே நமக்குத் தோன்றுகிறது.

இத்தகைய வசதியான மரணங்களை மறுத்தவர் தென்னாப்பிரிக்க எழுத்தாளர் நாடின் கார்டிமர். 1980-இல் வெளிவந்த அவருடைய 'எ சோல்ஜர்ஸ் எம்பிரேஸ்' தொகுதியில் 'டவுன் அண்டு கன்ட்ரி லவர்ஸ்' என்ற இரட்டைக் கதை உள்ளது. அதைப் படிக்குமுன் அந்நாட்டுச் சட்டங்களை நினைவிற் கொள்ள வேண்டும். 1927-ஆம் ஆண்டின் ஒழுக்கக்கேடுச் சட்டம் வெள்ளையருக்கும் ஆப்பிரிக்கருக்கும் மணத்துக்குப் புறம்பான உடலுறவைக் குற்றமாக்கியது. 1949-இல் வந்த சட்டம் வெள்ளையர் பிற இனத்தாரை மணப்பதைத் தடை செய்தது. 1950-இல் முதற்சட்டம் திருத்தப்பட்டு, வெள்ளையரல்லாதார் அனைவரையும் வளைத்துக்கொண்டது. 1860 முதல் சென்னையிலிருந்து கப்பலேறி நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழர்களின் வழிவந்தோரும் அவ்வளைவுக்குள் அகப்பட்டனர். 1985-இல்தான் இத்தடைகள் நீங்கின.

முதற்கதையில் ஐரோப்பாவிலிருந்து வந்த புவியியலறிஞர் ஒருவர், தாம் வழக்கமாக வாங்கும் சவர பிளேடு கிடைக்காமையால், கடையில் பணம் வாங்கும் கலப்பினப் பெண்ணிடம் கேட்கிறார். காதலின் தோற்றுவாய் அவ்வளவே! அவள் பொருள்களை வீட்டுக்குக் கொண்டுவருகிறாள், சமைக்கிறாள், தட்டச்சு செய்து தருகிறாள், தங்குகிறாள். வெளியார் கண்ணுக்கு அவள் வேலைக்காரி. உண்மையில் வேலைக்காரியாகவும் இருக்கிறாள் என்பதே கதையின் கூர்மை. காவலர் வருகிறார்கள், அவள் துணி அலமாரிக்குள் ஒளிகிறாள், பிடிபடுகிறாள், அரசு மருத்துவர் அவள் உடலைச் சோதிக்கிறார். இவ்விடத்தில் கார்டிமர் குரலை உயர்த்துவதில்லை. அலுவலகக் கோப்புகளோடு காலங்கழிக்கும் நம்மைப் போன்றோர்க்கு அந்தத் தொனி நன்கு பழக்கமானது. ஒரு மனித உயிரைப் பற்றி, உணர்ச்சி சற்றும் கலவாத மூன்று வரிகளில் அறிக்கை எழுதும் தொனி அது. காதலர் இருவர் தமக்கென்று கொண்டிருந்த அறை ஒரு வழக்கின் தடயமாகிவிடுகிறது. எத்தனை வர்ணனை செய்திருந்தாலும் கிட்டாத நடுக்கத்தை அந்த வறண்ட நடை நமக்குத் தருகிறது.

இன்னொன்று. அந்த அறிஞருக்கு நீண்ட பெயரும் பட்டமும் உண்டு. பெண்ணுக்குப் பெயரே இல்லை. நம் அகத்திணை மரபிலும் தலைவன் தலைவியரின் பெயரைச் சுட்டலாகாது என்று தொல்காப்பியம் விதிக்கிறது. ஆனால் அங்கே இருவருமே பெயரற்றவர்கள். அதனால் அவர்கள் காதல் எல்லார்க்கும் உரியதாகிறது. இங்கோ ஒருத்திக்கு மட்டுமே பெயரில்லை. இதை ஆசிரியரின் அலட்சியம் என்று கொள்வாரும் இருக்கலாம். நாம் அவ்வாறு கருதவில்லை. அந்தச் சமூகம் அவளைப் பார்க்கும் பார்வையையே கதை தன் உடம்பில் ஏற்றுக் காட்டுகிறது என்பதே நம் துணிபு.

இரண்டாம் கதையில் பண்ணையார் மகன் பாலஸும் பண்ணைத் தொழிலாளியின் மகள் தெபெதியும் சிறுவயது முதல் ஒன்றாக விளையாடியவர்கள். வறண்ட ஆற்றுப்படுகையில் அவர்கள் கூடுவதைக் கார்டிமர் கூச்சமின்றி எழுதுகிறார். ஆனால் நிறத்தை ருசிக்கவில்லை. பின்னர் தெபெதி, நிஜாபுலோ என்ற தொழிலாளியை மணக்கிறாள். வெளிறிய நிறத்தில் குழந்தை பிறக்கிறது. பாலஸ் வந்து பார்க்கிறான்; மீண்டும் வருகிறான்; குழந்தை இறக்கிறது. வழக்கு நடக்கிறது, சான்று போதாமல் அவன் விடுதலையாகிறான். இக்கதையில் காதலன் யார் என்று நம்மைக் கேட்டால் நிஜாபுலோ என்போம். தன் குழந்தையன்று என்று தெரிந்தும் ஒரு சொல்லும் கேளாமல், வாரக் கூலியிலிருந்து அந்தக் குழந்தைக்குக் குளியல் தொட்டியும் சட்டையும் பவுடரும் வாங்கி வருபவன் அவன். சூட்டைத் தேடி வரும் வாசகன் அந்த வரியைத் தாண்டிப் போய்விடுவான்.

சட்டத்தின் தடை இல்லாத இடத்தில் இக்காதல் எப்படி இருக்கும்? அமெரிக்காவில் 1967-இல் லவிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கலப்பு மணத் தடைகளைச் செல்லாதனவாக்கியது. அதற்கு ஒரு தலைமுறைக்குப் பின் எழுதப்பட்டது ஜும்பா லாஹிரியின் 'செக்ஸி'. 1999-இல் வந்த 'இன்டர்பிரட்டர் ஆஃப் மாலடிஸ்' தொகுதியில் இடம்பெற்ற கதை. பாஸ்டன் நகரில் மிராண்டா என்ற வெள்ளைக்காரப் பெண், மணமான தேவ் என்ற வங்காளியோடு உறவு கொள்கிறாள். தலைப்பைக் கண்டு பெற்றோர் புத்தகத்தைப் பிடுங்கிவிடலாம். பிடுங்கியவர்கள் பொறுமையாகப் படித்துப் பார்க்கட்டும். அவன் வங்காளி என்றதும் அது ஒரு மதம் என்று மிராண்டா எண்ணுகிறாள். கண்ணாடியால் ஆன உலக உருண்டைக்குள் நின்று, ஒருமுனையில் கிசுகிசுத்தால் மறுமுனையில் கேட்கும் அந்த மண்டபத்தில், அவன் அத்தலைப்புச் சொல்லை அவளிடம் சொல்கிறான். அவள் மயங்குகிறாள். அவனுக்காக வெள்ளி நிற ஆடை வாங்குகிறாள்; அதை உடுத்திச் செல்ல வாய்ப்பே வருவதில்லை. மனைவி இந்தியாவிலிருந்து திரும்பியபின், அவன் ஞாயிறுதோறும் ஓடப்போவதாகச் சொல்லிவிட்டு உடற்பயிற்சி உடையில் வந்து போகிறான்.

இக்கதையை உடைப்பவன் ரோஹின் என்ற ஏழு வயதுச் சிறுவன். அவனுடைய தந்தை, விமானத்தில் பக்கத்து இருக்கையில் அமர்ந்திருந்த ஆங்கிலப் பெண்ணுக்காகக் குடும்பத்தைத் துறந்தவர். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று மிராண்டா கேட்கிறாள். முன்பின் அறியாத ஒருவரிடம் கொள்ளும் காதல் என்னும் கருத்தில் சிறுவன் விடை சொல்கிறான். தாய் படுக்கையில் அழுவதைப் பார்த்துப் பார்த்து அவன் கற்ற அகராதி அது. கதையின் வெப்பமெல்லாம் அறியாமையிலிருந்து எழுந்தது என்று மிராண்டாவும் நாமும் ஒருசேர உணர்கிறோம்.

ஆயினும் லாஹிரியிடம் நமக்கு ஒரு வழக்கு உண்டு. தேவின் மனைவி, நடிகை மாதுரி தீட்சித்தைப் போலிருப்பாள் என்று அவன் சொல்கிறான். மிராண்டாவும் அந்த முகத்தை இந்தியக் கடையில் தேடுகிறாள். கதையில் அவளைப் பற்றி நாம் அறிவது அவ்வளவே. விமான நிலையத்தில் இறங்கி, தொலைவில் உள்ள ஊரில் வீடு நடத்தும் அந்தப் பெண்ணை நம் வாசகியருட் பலர் மிராண்டாவைவிட நன்றாக அறிவார்கள். ஞாயிற்றுக்கிழமை ஓடப்போன கணவன் ஏன் இவ்வளவு நேரம் கழித்து வருகிறான் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அவள் நிற்கும் கதையை இன்னும் எவரும் நம் கையில் தரவில்லை.