கல்லீரலுக்கு ரெண்டு மணி நேரம், நுரையீரலுக்கு ரெண்டு மணி நேரம்?

வாட்ஸ்அப்பில் சுற்றும் 'உடல் கடிகார' அட்டவணை உங்களுக்கும் வந்திருக்கும். ராத்திரி 1 முதல் 3 வரை கல்லீரல், 3 முதல் 5 வரை நுரையீரல், அப்புறம் பெருங்குடல் என்று பங்கு போட்டிருப்பார்கள். இது பழைய சீன மருத்துவத்தின் கணக்கு. அதை அப்படியே சொன்னால் பரவாயில்லை. கீழே 2017 நோபல் பரிசையும் சேர்த்து ஒட்டிவிடுகிறார்கள், அங்கேதான் எனக்குப் பிரச்சினை.

ஹால், ராஸ்பாஷ், யங் மூவரும் பரிசு வாங்கியது பழ ஈயின் கடிகார மரபணுக்களை ஆராய்ந்ததற்காக. 'பீரியட்' என்ற மரபணு உண்டாக்கும் புரதம் செல்லுக்குள் சேர்ந்து சேர்ந்து, கடைசியில் அதே மரபணுவை அடக்கும். புரதம் சிதைந்ததும் மறுபடி ஆரம்பம். ஒரு சுற்று சுமார் 24 மணி நேரம். இதே மாதிரிச் சுழற்சி நம்ம உடம்பில் அநேகமாக எல்லாச் செல்லிலும், எல்லா நேரமும் ஓடுது. கல்லீரல் ஷிப்ட் முடித்து நுரையீரலை எழுப்பிவிடுவதில்லை.

இந்தக் கடிகாரத்துக்கும் செல் வளர்ச்சிக்கும் தொடர்பு உண்டு. 2003-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் எலியின் கல்லீரலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்து, மிச்சம் எப்படி வளர்கிறது என்று பார்த்தார்கள். செல் பிரிவதற்குப் பிரேக் போடும் 'வீ1' புரதத்தைக் கடிகாரமே ஏற்றி இறக்குகிறது. அதற்கு முந்தின வருஷம், கடிகார மரபணு ஒன்று கெட்ட எலிகளுக்குக் கதிர்வீச்சு கொடுத்தபோது கட்டிகள் அதிகம் வந்ததும் தெரிந்தது.

ஆனால் எலியிலிருந்து ஒரே தாவலில் 'ராத்திரி முழிச்சா கேன்சர்' என்று எழுதுவது சரியில்லை. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2007-லும் 2019-லும் இரவுப் பணியை '2ஏ' வகையில் வைத்தது. அந்த வகை ஆதாரம் எவ்வளவு உறுதி என்று சொல்லும், ஆபத்து எவ்வளவு பெரிசு என்று சொல்லாது. ஆட்டுக்கறியும் மாட்டுக்கறியும் அதே வகைதான். 2001-ல் வந்த அமெரிக்கச் செவிலியர் ஆய்வில், 30 வருஷத்துக்கு மேல் இரவு ஷிப்ட் மாறி மாறிப் பார்த்தவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் 36 சதவீதம் அதிகம். 2016-ன் பெரிய பிரிட்டிஷ் ஆய்வில் தொடர்பே தெரியவில்லை.

நம்ம ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் விசைப்படகுக்காரர்களுக்குச் சில ராத்திரி கடல், சில ராத்திரி வீடு. உடல் கடிகாரமோ நாளொன்றுக்குச் சுமார் ஒரு மணி நேரம்தான் நகரும். கடலுக்குப் பழகுவதற்குள் கரை வந்துவிடும், கரைக்குப் பழகுவதற்குள் அடுத்த பயணம். 'பத்து மணிக்குப் படுங்க' என்கிற அட்டவணையை அவர்களுக்கும் அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.