கொடையும் கடனும்

மீஞ்சூர் ரயிலடி டீக்கடையில் ஒரு தோழர் சொன்னார்: "பெரும் பணக்காரனுங்க மனசு வெச்சா நாட்டுக் கடனையே அடைச்சிடலாம் தோழர்." இந்த 'மனசு' என்ற சொல்லில்தான் எனக்குச் சிக்கல்.

அசீம் பிரேம்ஜியின் கொடை மொத்தம் 1,45,000 கோடி ரூபாய் என்று 2019 மார்ச்சில் அவரது அறக்கட்டளை அறிவித்தது. அதே ஆண்டு செப்டம்பர் 20 அன்று, வேறு சலுகை கோராத கம்பெனிகளுக்கு வருமான வரியை 22 சதமாகக் குறைத்தார் நிதியமைச்சர். இந்த வரிச்சலுகைகளால் அரசு இழப்பது ஆண்டுக்கு 1,45,000 கோடி என்பது அவர் சொன்ன மதிப்பீடு. தொகை ஒன்றுதான். முன்னதற்கு வள்ளன்மை என்று பெயர், பின்னதற்குச் சீர்திருத்தம். பிரேம்ஜியின் நேர்மையை நான் சந்தேகிக்கவில்லை. ஒருவர் பல ஆண்டுகளாக எழுதிவைத்ததை அரசு ஒரே நாளில் கம்பெனிகளுக்கு விட்டுக்கொடுத்தது, அதுவும் வருஷா வருஷம்.

விட்ட வரி பற்றாக்குறையாகி, கடனாகி, வட்டியாகத் திரும்புகிறது. 2022 ஜூலையில், பிராண்டு இல்லாத அரிசிக்கும், லேபிள் ஒட்டிப் பையில் அடைத்தால் 5 சத வரி வந்தது. வல்லூர் அனல்மின் நிலையத்தில் ஒப்பந்த வேலை பார்ப்பவர் அதைக் கடையிலேயே கட்டிவிடுகிறார். அவரிடம் யாரும் மனசு கேட்பதில்லை.

யாருக்கு மனசு, யாருக்குக் கட்டாயம் என்பதே இங்கே அரசியல். மொதல்ல வரியக் கேளுங்க தோழர், மனச அப்புறம் பாத்துக்கலாம்.