முதுகில் ஒரு கோடு

தட்டாஞ்சாவடிக்காரர்களுக்குக் குதிரை என்றால் கல்யாண ஊர்வலத்தில் சலங்கை கட்டி வரும் வெள்ளைக் குதிரைதான். மங்கல் நிறக் குதிரையின் அழகைப் பார்க்க ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குப் போகவேண்டும். அங்கே குஜராத்தின் கத்தியவாரிகளும் வரும். காதுகளின் நுனி உள்பக்கம் வளைந்து ஒன்றையொன்று தொடும். அதில் மயங்காமல் முதுகைப் பாருங்கள்.

மங்கல் குதிரைக்கு உடம்பு காய்ந்த வைக்கோல் நிறம். பிடரியில் தொடங்கி வால்வரை ஓடும் கருங்கோடு, ஸ்கேல் வைத்து இழுத்தாற்போல் விளிம்பு பிசகாமல் இருக்கும். முழங்காலில் வரிக்குதிரைக்கு உள்ளது போல மெல்லிய பட்டைகள். சிலவற்றுக்குத் தோளிலும் குறுக்குக் கோடு உண்டு. நம் தெருக்கழுதைக்கும் இருப்பதுதான், யாரும் ரசிப்பதில்லை! கோட்டின் ஓரம் புகைபோல் கலைந்திருந்தால் அது மங்கல்தானா என்று சந்தேகப்படுங்கள். சாதாரணக் குட்டிகளுக்கும் பிறக்கும்போது கோடு இருந்து, முதல் முடி உதிர்ந்ததும் மறைவதுண்டு.

இந்த மங்கலுக்கான காரணத்தை 2015இல் விஞ்ஞானிகள் வெளியிட்டார்கள். டிபிஎக்ஸ்3 என்ற மரபணுவின் வேலை. ஒவ்வொரு முடியிலும் நிறமி ஒரு பக்கத்தில் மட்டும் படிய, மறுபக்கம் வெளிறிவிடுகிறது. கோட்டிலுள்ள முடியில் மட்டும் சுற்றிலும் நிறமி. மங்கோலியாவின் ஷெவால்ஸ்கி காட்டுக்குதிரைக்கும் இதே நிறம்தான். பழைய நிறம் இதுவே, செவலையும் கறுப்பும் பின்னால் பெருகியவை.

சந்தையிலோ நம் ஆட்கள் முதலில் தேடுவது சுழியை. சுழி சரியில்லையென்றால் கோடு எவ்வளவு நேராக ஓடினாலும் விலை படியாது.