சென்ட்ரலைப் பார்க்க எதிர்ச்சாரிக்குப் போங்கள்

சென்னை சென்ட்ரலில் இறங்குகிறவர்கள் பெட்டியைப் பார்ப்பார்கள், ஆட்டோவைப் பார்ப்பார்கள். அண்ணாந்து பார்ப்பவர் குறைவு. சுரங்கப்பாதை வழியாக அரசு பொது மருத்துவமனைப் பக்கம் போய்விடுங்கள். நிலையம் முழுதாகக் கண்ணுக்கு அடங்குவது அங்கிருந்துதான். மார்கழி, தை மாதமென்றால் இன்னும் நல்லது. நிலையமும் அதன் பக்கத்துக் கட்டடங்களும் தெற்குப் பார்த்தவை. அப்போது தெற்கே சாயும் வெயில் முகப்பில் நன்றாக விழும்.

1873-ல் ஜார்ஜ் ஹார்டிங் வடிவமைத்த நிலையம் இது. பிறகு ராபர்ட் சிஷோம் அதில் மாற்றங்கள் செய்தார். மணிக்கூண்டு முடிந்தது 1900-ல். ஒரு கண்ணை மூடிக்கொண்டு மணிக்கூண்டைக் கட்டைவிரலால் மறைத்துப் பாருங்கள். மிஞ்சுவது நீளமான ஒரு சிவப்புக் கட்டடம். விரலை எடுங்கள், சென்ட்ரல் வந்துவிடும்!

இனி மேற்கே நடக்கலாம். பழைய புத்தகப் பிரியர்களின் மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்துபோனது. அந்த இடத்தில் எழுந்த அடுக்குமாடி டிக்கெட் எடுக்க உதவும், ரசிக்க ஒன்றுமில்லை. தாண்டிவிடுங்கள்.

நின்று பார்க்க வேண்டியது விக்டோரியா பப்ளிக் ஹால். சிஷோம் வரைந்து, நம்பெருமாள் செட்டியார் கட்டி, 1880-களின் கடைசியில் திறந்த மண்டபம். பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபா நாடகம் போட்ட மேடை உள்ளே இருந்தது. முதலில் கோபுரத்தின் கூரையைப் பாருங்கள்: திருவிதாங்கூர்ப் பாணி. அப்படியே பார்வையை இறக்கினால் வளைவு வளைவாகத் தாழ்வாரம். சுவரின் மேல்விளிம்பில் ஓடும் சுடுமண் வேலைப்பாட்டை அரபு எழுத்தென்று நினைக்கத் தோன்றும். மலையாளக் கூரையும் இஸ்லாமிய அலங்காரமும் ஒரே சுவரில் சண்டையில்லாமல் இருக்கின்றன. சிஷோமின் கைவரிசை அதுதான்.

பக்கத்திலேயே ரிப்பன் மாளிகை. ஹாரிஸ் வடிவமைத்து, லோகநாத முதலியார் கட்டி, 1913-ல் திறந்த மாநகராட்சி அலுவலகம். இதுவும் செங்கல்தான்; மேலே பூசி வெள்ளையடித்துவிட்டார்கள். ஹாலில் செங்கல்லே அழகு, இங்கே தூண்களும் அவை வெள்ளைச் சுவரில் போடும் நிழலும் அழகு. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தால்தான் ருசி தெரியும். என் ஓட்டு ஹாலுக்கு.

அடுத்த முறை ரயிலுக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்பி வாருங்கள். பெட்டியைப் பொருள் காப்பறையில் போட்டுவிட்டால், நடந்து பார்த்துத் திரும்ப அந்த நேரம் தாராளம்.